பண்டாரவன்னியன் எந்தக் குரலிற் பேசினான்?

ஓமந்தை, வவுனியா நகருக்கு வடக்கே, யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் கண்டி வீதியில் அமைந்த ஊர். அவ்வூரை அண்டிய பாடசாலை ஒன்றில் மாணவர்கள் பண்டாரவன்னியன் நாடகத்தை ஒத்திகை பார்த்தபோது, நாம் சில மாலைப் பொழுதுகள் அங்கிருந்து கவனித்தோம். ஆசிரியர் ஒருவர் எழுதிய பிரதி அது. பண்டாரவன்னியனாக நடித்தவன் உயர்தர வகுப்பு மாணவன். கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. மேடைக்கு வெளியே அவன் பேசுவது பக்கத்தில் இருப்பவனுக்கே கேளாது. மேடையில் ஏறியதும் நெஞ்சு நிமிர்ந்தது, கண்கள் உருண்டன, வசனம் இடியென முழங்கிற்று. கூடியிருந்த மாணவர்கள் கைதட்டினார்கள்.

ஆசிரியர் மட்டும் கைதட்டவில்லை. “தம்பி, இது ஆற்றை குரல்?” என்று கேட்டார். மாணவன் சற்றும் தயங்காமல், “கட்டபொம்மன்ரை குரல் சேர்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் அந்த விடை நம்மை விட்டு அகலவில்லை. வன்னி மண்ணின் வீரன் ஒருவனை வன்னி மண்ணிலேயே மேடையேற்றும்போது, அவனுக்கெனச் சொந்தக் குரல் ஒன்று கிடைக்காமற் போனது ஏன்? வரலாற்று மாந்தன் ஒருவனை நடிக்கப் புகும் நடிகன் உண்மையான குரலை எங்கே தேடுவது? இவை நாடகக்காரருக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. தன் கடந்த காலத்தை யார் வாயிலாகக் கேட்கிறோம் என்பது ஒரு மக்கட் கூட்டம் தன்னைத் தானே அறிந்துகொள்வதைப் பற்றிய வினாவாகும்.

முதலில் ‘கட்டபொம்மன் குரல்’ எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்வோம்.

அது சிவாஜி கணேசனின் குரல் என்பதை யாவரும் அறிவர். 1957இல் அவர் வீரபாண்டிய கட்டபொம்மனாக நாடக மேடையில் தோன்றினார். சக்தி கிருஷ்ணசாமி வசனம் எழுதினார். அந்த நாடகமே 1959இல் பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆபிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகருக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்நடிகருக்குச் ‘சிவாஜி’ என்ற பெயர் வாய்த்ததே ஒரு வரலாற்று மாந்தனை நடித்ததனால்தான். அண்ணாதுரை எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னனாக அவர் நடித்ததைக் கண்டு பெரியார் இட்ட பெயர் அது. சிறு வயதிற் கட்டபொம்மன் கதையைக் கூத்தாகப் பார்த்ததே தம்மை நடிப்பின் பக்கம் ஈர்த்தது என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றிற் கூறியிருக்கிறார். ஆகவே அவரது கட்டபொம்மனுக்கு வேர் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை.

ஆயினும் அக்குரலை ஆக்கிய சூழலை மறத்தலாகாது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் சென்று சேர வேண்டும் என்ற தேவையிற் பிறந்தது கொம்பனி நாடகக் குரல். பாய்ஸ் கொம்பனிகளிற் பயின்ற சிறுவர்கள் எழுத்தெழுத்தாக உச்சரிக்கவும், மூச்சை அடக்கி நீண்ட வசனத்தை ஒரே வீச்சிற் சொல்லவும் பழக்கப்பட்டார்கள். அதன் பின்னர் அரசியல் மேடையின் அடுக்குமொழி நாடகத்தினுள் புகுந்தது. அரங்கின் தேவை, கொம்பனியின் பயிற்சி, அரசியல் மேடையின் நடை ஆகிய மூன்றும் சேர்ந்து பிறப்பித்த குரலே அது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து வந்த குரல் அன்று. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டின் குரல்.

அன்றைய ஏடுகள் காட்டும் கட்டபொம்மன் வேறொருவன். 1798 செப்டெம்பரில் இராமநாதபுரத்திற் கலெக்டர் ஜாக்சனைக் காண அவன் பல நாள் அலைக்கழிக்கப்பட்டான். சந்திப்புக் கைகலப்பில் முடிந்தது. பின்னர் கும்பினி அரசே விசாரணை நடத்தி, ஜாக்சன் மீது குறை கண்டு, அவனைப் பதவியிலிருந்து நீக்கியது. மறு ஆண்டு பாஞ்சாலங்குறிச்சி தாக்கப்பட்டது. 1799 அக்டோபர் 16ஆம் நாள், கயத்தாற்றில், பாளையக்காரர் யாவரும் பார்த்திருக்கக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். அதை நிறைவேற்றிய மேஜர் பானர்மன் மறுநாளே மேலிடத்துக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. விசாரணையின்போது அவன் அஞ்சாமலும் அலட்சியமாகவும் நின்றான் என்றும், தன்னைப் பிடிக்க முனைந்த எட்டயபுரத்தானை இகழ்ச்சியோடு நோக்கினான் என்றும், தூக்குமரத்துக்கு நடந்தபோது இருபுறமும் நின்ற பாளையக்காரர்மேல் வெறுப்புப் பார்வை வீசினான் என்றும் அவர் எழுதுகிறார். போகும் வழியில் அவன் தன் ஊமைத் தம்பியைக் குறித்து மட்டுமே கவலை தெரிவித்தானாம். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வெளியேறியதற்காக வருந்தினானாம்.

பகைவன் எழுதியது என்பதை மறவாமல் இதனைப் படிக்க வேண்டும். எனினும், பகைவனாலும் மறைக்க முடியாத உண்மை ஒன்று இங்கே வெளிப்படுகிறது. இந்த மனிதன் முழங்கவில்லை, பார்த்தான். தம்பியைப் பற்றிக் கேட்டான். ஒரு தவறுக்காக வருந்தினான். முழக்கத்தைவிட இந்த மௌனம் கனமானது. அந்தத் தம்பி ஊமைத்துரையின் கதை இன்னும் வியப்புக்குரியது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பெப்ரவரியில் தப்பி, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பிப் பல மாதங்கள் வெள்ளையர் படையை எதிர்த்து நின்றவன் அவன். அவனை நேரிற் கண்ட வெல்ஷ் என்ற ஆங்கிலத் தளபதி தம் நினைவுக் குறிப்பில் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். சில வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் வைத்து, அவை ஆங்கிலேயர் என்று காட்டி, மறு கையால் அவற்றை ஊதலோசையோடு தட்டி விடுவானாம். அதுவே தாக்குதலுக்கு அவன் தந்த ஆணை. மக்கள் அவனைத் தெய்வமாகப் போற்றினார்கள் என்கிறார் வெல்ஷ். ஆயிரமாயிரம் பேரைப் போருக்கு அழைத்தது வாய்ச்சொல் அன்று, உள்ளங்கை வைக்கோல்.

அப்படியாயின் சிவாஜியின் முழக்கம் பொய்யா? அவ்வாறு கூறுவது அவசரத் தீர்ப்பாகும். நூற்றைம்பது ஆண்டுகள் வெள்ளைத் துரைக்குக் கைகட்டி வாய்பொத்தி நின்ற மக்கள், ஒரு முறையாவது அவன் முகத்துக்கு நேரே விடை சொல்ல ஏங்கியிருந்தார்கள். அன்று சொல்ல முடியாத விடையை நடிகன் 1959இற் சொன்னான். அது கட்டபொம்மனின் குரலாக இல்லாதிருக்கலாம். கேட்டிருந்தவர்களின் ஏக்கத்துக்கு உண்மையான குரலாக இருந்தது. வரலாற்று நாடகத்தில் எப்போதும் இரண்டு காலங்கள் பேசுகின்றன: கதை நடந்த காலம் ஒன்று, நாடகம் நடக்கும் காலம் மற்றொன்று. ஒரு காலத்துத் தேவைக்குப் பிறந்த குரல் அச்சாக வார்க்கப்பட்டு, எந்த வீரனுக்கும் பொருத்தப்படும்போதுதான் பொய் தொடங்குகிறது. அப்படத்தின் கதைவசனம் இசைத்தட்டிலேறி, கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளில் ஈழத்துக் கிராமங்கள்தோறும் ஒலித்தது. பாடசாலைப் போட்டிகளிற் பிள்ளைகள் அதை மனனம் செய்து ஒப்புவித்தார்கள். நாளடைவில், வீரன் என்றால் இப்படித்தான் பேசுவான் என்ற எண்ணம் ஊறிவிட்டது. ஓமந்தை மாணவனின் விடை அந்த ஊற்றிலிருந்து வந்ததே.

இனிப் பண்டாரவன்னியனிடம் வருவோம்.

வன்னியை ‘அடங்காப்பற்று’ என்று அழைக்கும் வழக்கு உண்டு. குளங்களும் வயல்களும் காடும் கலந்த இந்நிலத்தை வன்னியர் என்ற சிற்றரசர் ஆண்டனர். ஒல்லாந்தருக்கு இவர்கள் யானைகளைத் திறையாகக் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தனர். திறை பாக்கி விழுவதும் பூசல் மூள்வதும் வழக்கமாயிருந்தன. 1782இல் ஒல்லாந்தர் படை அனுப்பி வன்னியை நேராக ஆளத் தொடங்கினர். கடும் எதிர்ப்பைச் சந்தித்த பின்னரே அவர்களால் அதைச் செய்ய முடிந்தது. பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 1803இற் கண்டி அரசுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்திற் கண்டியிலிருந்த ஆங்கிலப் படை அழிந்தது. அந்தத் தருணத்திற் கண்டியரின் துணையோடு பண்டாரவன்னியன் எழுந்தான். ஓகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவு அவன் வசமாயிற்று. அங்கிருந்த படைத்தலைவன் டிறிபேர்க் கடல் வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கினான். ஆனால் இரண்டு மாதங்களுள் நிலைமை மாறியது. ஒக்டோபர் 31ஆம் நாள் விடியற்காலையில், கற்சிலைமடுவில், அதே டிறிபேர்க் எதிர்பாராத வகையிற் பாய்ந்து வன்னியன் படையைச் சிதறடித்தான்.

ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் வெள்ளையர் நாட்டிய கல், பண்டாரவன்னியன் இங்கே தோற்கடிக்கப்பட்டான் என்றுதான் ஆங்கிலத்திற் கூறியது. கொல்லப்பட்டான் என்று கூறவில்லை. அதன் பின்னரும் அவன் பல்லாண்டுகள் காட்டிடையே வாழ்ந்து போராடி, 1811 அளவிற் காயமுற்று இறந்தான் என்று லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கையேடு (1895) தெரிவிக்கிறது. மேடையோ அவனைக் கற்சிலைமடுவிலேயே சாகடித்து விடுகிறது. ஒரு நாளில், ஒரு முழக்கத்தோடு சாகும் வீரன் மேடைக்கு வசதியானவன். தோற்ற பின்னும் ஆண்டுக்கணக்காக ஒளிந்தும் நடந்தும் பசித்தும் போராடும் வீரனுக்கு அந்த முழக்கம் உதவாது. அவனுக்கு வேறு குரல் வேண்டும்: களைத்த குரல், தாழ்ந்த குரல், ஆனால் அடங்காத குரல்.

காட்டிக்கொடுத்தவன் பற்றியும் ஒரு சொல். நாடகங்களிற் காக்கை வன்னியன் என்பவனே துரோகி. பண்டாரவன்னியனின் தங்கை நல்லநாச்சியை மணக்க விரும்பி, அது நிறைவேறாததாற் பகைவனோடு சேர்ந்தான் என்பது கதை. ஆனால் சங்கிலி மன்னனைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்தவனாக யாழ்ப்பாண வைபவமாலை குறிப்பிடுபவன் பெயரும் காக்கை வன்னியன்தான். இரண்டு வீரருக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள்! வீரனுக்கு அச்சுக் குரல் இருப்பதுபோலத் துரோகிக்கும் அச்சுப் பெயர் இருக்கிறது. எல்லாத் தோல்விகளுக்கும் தனி ஒருவனின் பொறாமையே காரணம் என்று காட்டினால், பீரங்கியும் கப்பலும் கும்பினிப் பணமும் மேடையிலிருந்து மறைந்துவிடுகின்றன. குறுநில ஆட்சியின் உட்பகைகளும் மறைகின்றன. கண்டிச் சிங்களவரும் வன்னித் தமிழரும் ஒரே பகைவனுக்கு எதிராகக் கைகோத்தார்கள் என்ற உண்மையும் பெரும்பாலும் மறைந்தே போகிறது. கண்டித் தூதுவனோடு பண்டாரவன்னியன் எப்படிப் பேசியிருப்பான் என்று ஒரு நடிகன் சிந்தித்தாற் போதும்; அந்த வினா ஒன்றே அவன் குரலை மாற்றிவிடும்.

மொழியைப் பற்றிய இடர்ப்பாடும் உண்டு. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் நாடகங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தம் காலத்து வாழ்க்கையை எழுதியபோது யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை மேடையில் தயக்கமின்றி ஏற்றியவர் அவர். ‘சங்கிலி’ என்ற வரலாற்று நாடகத்தை எழுதியபோது செந்தமிழைக் கையாண்டார். முல்லைமணி முதலாய வன்னி எழுத்தாளர் பண்டாரவன்னியனை நாடகமாக்கியபோதும் அரசனுக்கு ஏற்ற நடை எது என்ற வினாவை எதிர்நோக்கியே இருப்பர். அரசன் செந்தமிழ் பேசுவதிற் குற்றமில்லை. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மரபில் வந்த கட்டபொம்மனையே நாம் செந்தமிழிற் கேட்டோம். மேடைமொழி ஒரு வழக்காறு. அதைப் பார்வையாளர் அறிவர். சொல் எந்த நடையில் இருந்தாலும், அதைச் சொல்பவனின் மூச்சு எந்த வாழ்க்கையிலிருந்து வருகிறது என்பதே நமது கவலை.

இவ்விடத்தில் நமது கூத்து நமக்குப் பெரியதோர் பாடம் சொல்கிறது. வட்டக்களரியில் அரசன் வரவுப்பாட்டோடு வருகிறான். அவன் பாடிய அடியை அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மீண்டும் பாடுகிறார்கள். முடி தரித்தவன் ஒருவன். ஆனால் அவன் சொல்லைத் தாங்கிப் பிடிப்பது ஊர்க்குரல். கமக்காரரும் கூலியாளரும் மத்தளத்தின் பக்கத்தில் நின்று அதைத் திருப்பிச் சொல்லாவிட்டால் அரசனின் சொல் அந்தரத்தில் நின்றுவிடும். கொம்பனி நாடகமும் சினிமாவும் அரசனைத் தனியனாக்கின. கூத்தில் அவன் தனியன் அல்லன். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் விடியவிடிய நடந்த கூத்தைச் சுருக்கி, பாத்திரங்களின் உள்ளத்தை வெளிக்கொணரும் வகையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோதும் இப்பிற்பாட்டைக் கைவிடவில்லை. இராவணனாக ஆடிய சி. மௌனகுரு முதலானோர் பெற்ற வெற்றிக்கு அதுவும் ஒரு காரணம். கட்டபொம்மு கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்த நா. வானமாமலையும் இதே திசையைத்தான் காட்டினார்: வீரனின் வரலாற்றை அவனைப் பாடியவர்களிடமிருந்து கேட்கலாம்.

வேற்று நாட்டு நாடகக்காரரும் இப்பிரச்சினையோடு மல்லாடியிருக்கிறார்கள். ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட், ‘கலிலியோ’ நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்குவதற்காக நடிகர் சார்ல்ஸ் லோட்டனோடு அமெரிக்காவில் உழைத்தார். லோட்டனுக்கு ஜெர்மன் தெரியாது. பிரெக்டின் ஆங்கிலமோ குறைவு. ஆகவே ஒருவர் நடித்துக் காட்ட, மற்றவர் அதற்குரிய சொல்லைத் தேடினார். உடல் முதலில் வந்தது. சொல் பின்னர் வந்தது. 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்ததும், அதிகாரத்தின் முன் பணிந்த விஞ்ஞானி பற்றிய அந்நாடகத்தின் பொருளே மாறிற்று. 1947இல் மேடையேறிய கலிலியோ, தன் வயிற்றை நேசித்த, அறிவை நேசித்த, அஞ்சிய ஒரு மனிதன். சிலையாக நின்ற பெரியோனைக் காட்டிலும் அம்மனிதன் மக்களைச் சிந்திக்க வைத்தான்.

மீண்டும் ஓமந்தைக்கு வருவோம். மூன்றாம் நாள் ஒத்திகையில் ஆசிரியர் ஒரு பயிற்சி செய்தார். வெள்ளையரின் தூதுவன் வந்து, பணிந்து வருமாறு பண்டாரவன்னியனை அழைக்கும் காட்சி அது. பிரதியில் ஒரு பக்க வசனம் இருந்தது. ஆசிரியர் அதைக் கீழே வைக்கச் சொன்னார். “தம்பி, உன்ரை அப்பப்பாவிட்டை ஒரு பெரிய உத்தியோகத்தர் வந்து, காணியை விட்டிட்டு வா எண்டு கேட்டால் அவர் என்ன சொல்லுவார்?”

மாணவன் நெடுநேரம் பேசாமல் நின்றான். அந்த ஊரில் இவ்வினா வெறும் கற்பனை அன்று. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் இவ்வீதி திறந்தபோது, ஓமந்தைச் சோதனைச்சாவடியில் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2006இல் வீதி மூடப்பட்டது. 2009இற் போர் முடிந்த வேளையில், வன்னியின் உள்ளிருந்து வந்தவர்கள் இங்கே சோதிக்கப்பட்ட பின்னரே செட்டிகுளத்து முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். சாவடி 2015இல் அகற்றப்பட்டது. பெயர் என்ன, ஊர் எது, எங்கே போகிறாய் என்ற வினாக்களுக்குச் சுருக்கமாக, நிலம் பார்த்து, தாழ்ந்த குரலில் விடை சொல்லப் பழகிய தலைமுறைகள் இங்கே வாழ்கின்றன. இதே மக்கள்தாம் இரவில் வயற்பரணில் இருந்து யானையைக் கலைக்கும்போது காடு அதிரக் கூவுகிறார்கள்; குளத்து நீரைத் திறக்கும் கூட்டத்தில் உரிமைக்காக உரத்து வழக்காடுகிறார்கள். வன்னியின் குரல் தாழ்ந்ததும் உண்டு, உயர்ந்ததும் உண்டு. எப்போது தாழ்கிறது, எதன் பொருட்டு உயர்கிறது என்பதிலேதான் அதன் வரலாறு இருக்கிறது.

மாணவன் இறுதியில், தூதுவனாக நின்றவனின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: “என்னாலை வர ஏலாது.” சிறிது நேரங் கழித்து, “விதைச்சுப் போட்டன்” என்றான்.

மண்டபத்தில் எவரும் கைதட்டவில்லை, எவரும் சிரிக்கவுமில்லை. தூதுவனாக நின்ற மாணவன், அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல், ஓரடி பின்வாங்கினான்.

இதுவே பண்டாரவன்னியனின் உண்மைக் குரல் என்று நாம் சாதிக்கவில்லை. அவன் கமக்காரன் அல்லன். திறையும் ஊழியமும் பெற்ற சிற்றரசன். அவனையும் உழவனையும் ஒன்றாக்குவது, அவனைக் கட்டபொம்மனாக்குவது போன்ற இன்னொரு பிழையாகும். ஆனால் அவனோடு முல்லைத்தீவுக்கு நடந்தவர்களும், கற்சிலைமடுவின் விடியலில் விழுந்தவர்களும், பின்னர் அவனைக் காட்டில் மறைத்து வைத்துச் சோறு கொடுத்தவர்களும் வயலில் விதைத்தவர்களே. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கூத்தின் பிற்பாட்டைப்போல அவர்கள் குரல் அரசனின் குரலைத் தாங்கி நிற்கும்போதுதான், மேடையில் நிற்பவன் வரலாற்று மாந்தனாகிறான். அந்தக் குரலை நடிகன் எட்டயபுரத்திலோ சென்னையிலோ தேட வேண்டியதில்லை. தன் வீட்டுத் திண்ணையிலும் வயல் வரம்பிலும் தேடலாம். ஏடுகளையும் கற்களையும், எழுதியவன் யார் என்று கேட்டுக்கேட்டுப் படிக்கலாம். இவ்விரண்டும் சேர வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

வரலாற்று நாடகம் போடும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் வீரனுக்கு வாளும் முடியும் தேடுமுன், அவன் மூச்சைத் தேடுங்கள். அவன் எங்கே பேசாமல் இருந்தான் என்று தேடுங்கள். அவனுக்கு விடை சொன்னவர்கள் யார் என்று தேடுங்கள். இரவல் முழக்கத்துக்கு மக்கள் கைதட்டுவார்கள். வீடு திரும்பும்போது அதை மண்டபத்திலேயே விட்டுச் செல்வார்கள். தம் குரலை மேடையிற் கேட்டவர்களோ அதை வீட்டுக்குக் கொண்டு போவார்கள்.

அந்த நாடகம் மேடையேறிய இரவில், பிரதியிலிருந்த ஒரு பக்க வசனத்தைக் காணோம். அவ்விரண்டு சொற்றொடர்களே அங்கே இருந்தன. பின்வரிசையில் இருந்த ஒரு முதியவர், தமக்குத் தாமே பேசுபவர்போல, அவற்றைத் திருப்பிச் சொன்னதை நாம் கேட்டோம்.